கில்லாம் காட்டில் தேடப்படும் இருவர்: எங்கே போயிருப்பார்கள்?

கேள்வி, 24 ஜூலை 2019

கனடாவின் மனிடோபா மாகாணத்தில் இருப்பவர்கள் யாராவது சொல்லுங்கள். கொலை வழக்கில் தேடப்பட்டு, கில்லாம் ஊர்ப் பக்கம் காரை எரித்துவிட்டுக் காட்டுக்குள் போன அந்த இரண்டு பேரும் இன்னும் அங்கேதான் இருக்கிறார்களா? காரை எரித்ததே போலீஸைத் திசைதிருப்பத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆட்கள் இந்நேரம் பக்கத்து மாகாணமான ஒண்டாரியோவைத் தொட்டிருப்பார்கள்.

24 ஜூலை, இரவு 10.40

தம்பி, நான் வின்னிபெக்கில் இருக்கிறேன். கில்லாம் பக்கம் இரண்டு கோடை சோறு பொங்கிப் போட்டவன். 2016, 2017-இல் கீயாஸ்க் அணை கட்டிக்கொண்டிருந்த முகாமில் சமையலறை வேலை. அதனால் கொஞ்சம் உரிமையோடு சொல்கிறேன்: வரைபடத்தைப் பாருங்கள்.

உள்ளே போக ஒரே சாலைதான். தாம்ப்சனிலிருந்து 280 எண் சாலை, பெரும்பாலும் சரளைக்கல், சுமார் 300 கிலோமீட்டர். கில்லாம் பக்கம் போனதும் அதிலிருந்து 290 பிரியும். அதுவும் கொஞ்ச தூரம் போய் நின்றுவிடும். அப்புறம் சாலை என்று ஒன்றும் கிடையாது. கார் எரிந்தது அந்தக் கோடியில். அங்கே காரைக் கொளுத்திவிட்டு ஒண்டாரியோ போக வேண்டுமானால், வந்த வழியே கால்நடையாகவோ யார் வண்டியிலாவது தொற்றிக்கொண்டோதான் திரும்ப வேண்டும். கில்லாமில் மொத்தமே ஆயிரத்து இருநூறு சொச்சம் பேர். புதுமுகம் ஒன்று பெட்ரோல் போட நின்றால் சாயங்காலத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிடும்.

அங்கேதான் இருக்கிறார்கள். அல்லது ரயில். ஹட்சன் விரிகுடா ரயில் பாதை கில்லாம் வழியாகத்தான் துறைமுக ஊரான சர்ச்சிலுக்குப் போகிறது. சரக்கு வண்டி வளைவில் ஊர்ந்துதான் போகும். நான் அவர்கள் இடத்தில் இருந்தால் அதைத்தான் பிடிப்பேன்.

24 ஜூலை, இரவு 11.15

"நான் அவர்கள் இடத்தில் இருந்தால்" என்று எழுதியதைப் படித்துவிட்டு வீட்டில் ஒரு முறைப்பு கிடைத்தது. சரி, தூங்கப் போகிறேன்.

25 ஜூலை, காலை

இழைக்குப் புதிதாக வந்தவர்கள் முழுக் கதை கேட்கிறார்கள். சுருக்கமாக.

ஜூலை 15: வடக்கு பிரிட்டிஷ் கொலம்பியாவில், அலாஸ்கா நெடுஞ்சாலையில், லியார்ட் வெந்நீர் ஊற்றுக்குத் தெற்கே 20 கிலோமீட்டரில் ஓர் இளம் ஜோடியின் உடல்கள். அவன் ஆஸ்திரேலியன், 23 வயது. அவள் அமெரிக்கப் பெண், 24. இருவரும் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார்கள். அருகில் அவர்களுடைய பழைய நீல நிற வேன். 1986-ஆம் ஆண்டு ஷெவர்லே. பழுதாகி நின்றிருக்கிறது. ஜூலை 19: அங்கிருந்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி, டீஸ் லேக் பக்கம் 37-ஆம் நெடுஞ்சாலையில் இன்னோர் உடல். வான்கூவர்காரர், 64 வயது, பல்கலைக்கழகத்தில் தாவரவியல் விரிவுரையாளர். அவர் கிடந்த இடத்துக்கு இரண்டு கிலோமீட்டரில் ஒரு டிரக் எரிந்து கிடந்தது. அது போர்ட் ஆல்பர்னியிலிருந்து வேலை தேடி வடக்கே போவதாகச் சொல்லிக் கிளம்பிய இரண்டு பையன்களுடையது. 19 வயது, 18 வயது.

முதலில் அவர்களையும் காணாமல் போனவர்கள் கணக்கில்தான் வைத்திருந்தார்கள். ஐயோ பாவம் என்று நாமும் உச்சுக்கொட்டினோம். 23-ஆம் தேதி கனடாவின் மத்தியப் போலீஸான ஆர்.சி.எம்.பி. அவர்களையே சந்தேக நபர்கள் என்று அறிவித்தது. அதற்குள் விரிவுரையாளரின் டொயோட்டா ராவ் 4 வண்டியில் 3,000 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டி, ஆல்பர்ட்டா, சஸ்காச்சுவான் எல்லாம் தாண்டி, எங்கள் மாகாணத்தின் வடகோடிக்கே வந்துவிட்டார்கள்.

பெயர்கள் எல்லாச் செய்தியிலும் இருக்கின்றன. நான் பெரியவன், சின்னவன் என்றே எழுதுகிறேன்.

25 ஜூலை, மதியம்

சின்னவனின் அப்பா பேசியிருக்கிறார். இது சாவைத் தேடிப் போகும் பயணம், பையன் உயிரோடு திரும்பமாட்டான் என்கிற மாதிரி. பெற்ற மனசு, பேட்டியில் என்னவெல்லாமோ வரும். அதை வைத்து ஒரு முடிவுக்கும் வர முடியாது. 18 வயதுப் பையனுக்குச் சாகப் பயமாகத்தான் இருக்கும். பசித்தால் தானே வெளியே வருவான்.

26 ஜூலை

கில்லாமுக்கு வரும் வழியில் இருக்கும் ஸ்ப்ளிட் லேக் ஊர்ச் செய்தி படித்தீர்களா? 22-ஆம் தேதி அங்கே அவர்கள் வண்டியை நிறுத்திச் சோதித்திருக்கிறார்கள். அது மது தடைசெய்யப்பட்ட ஊர். உள்ளே வரும் வண்டிகளில் பாட்டில் இருக்கிறதா என்று அந்த ஊர்க் காவலர்களே பார்ப்பார்கள். முகாமிலிருந்து போகும்போது என்னையும் நிறுத்தியிருக்கிறார்கள். நான் வைத்திருந்த புளிக்கரைசல் பாட்டிலை முகர்ந்து பார்த்துவிட்டு அந்த மனுஷன் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! பையன்களின் வண்டியில் முகாம் சாமான்களும் வரைபடங்களும் இருந்தனவாம். மது இல்லை, போகச் சொல்லிவிட்டார்கள். அன்றைக்கு அவர்கள் பெயரில் எந்தக் குற்றமும் இல்லையே. "கையில் கிடைத்தவனை விட்டுவிட்டார்கள்" என்று இங்கே இரண்டு பேர் பொங்கியிருப்பது நியாயமில்லை.

ஆனால் வரைபடம் வைத்திருந்தார்கள் என்பது உறுத்துகிறது. வழி தவறி வரவில்லை, தெரிந்தேதான் வந்திருக்கிறார்கள். எதற்கு?

27 ஜூலை, சனி

காட்டில் பிழைத்துக்கொள்வார்கள், காட்டுப் பயிற்சி வீடியோக்கள் பார்த்து வளர்ந்த தலைமுறை என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அண்ணே, அந்த நிலம் எப்படி என்று சொல்கிறேன், கேளுங்கள்.

காடு என்றதும் நம் மனசில் வருவது மரம், நிழல், ஒற்றையடிப் பாதை. அங்கே தரையே தரை இல்லை. மஸ்கெக் என்பார்கள். பாசி, அதன் மேல் பாசி, அதன் மேல் இன்னொரு பாசி, அடியில் ஐஸ் தண்ணீர். மேலே பார்த்தால் பச்சை மெத்தை. காலை வைத்தால் முழங்கால் வரை உள்ளே. கறுப்பு ஸ்ப்ரூஸ் மரங்கள் ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே, சோனியாக, ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு நிற்கும். எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே காட்சிதான்.

2017 ஆகஸ்டில், வேலை முடிந்த ஒரு சாயங்காலம், ப்ளூபெர்ரி பறிக்கிறேன் என்று முகாம் சாலையிலிருந்து உள்ளே இறங்கினேன். இருநூறு மீட்டர் இருக்கும், அவ்வளவுதான். கையில் ஐஸ்கிரீம் வாளி. குனிந்து குனிந்து பறித்துவிட்டு நிமிர்ந்தால் எந்தப் பக்கம் சாலை என்று தெரியவில்லை. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி என்று சொல்வோமே, கட்டவே தேவையில்லை. இடது கால் புதைந்தது. உருவினேன், கால் வந்தது, ஷூ வரவில்லை. கையை விட்டுத் துழாவினால் தோள்பட்டை வரை சில்லென்று இறங்குகிறது. அதற்குள் ஈக்கள். கொசு பரவாயில்லை, கடித்தால் தெரியும். இந்தக் கறுப்பு ஈ கடிப்பதே தெரியாது. காதுக்குப் பின்னால் தொட்டுப் பார்த்தால் விரலில் ரத்தம். கடைசியில் முகாம் ஜெனரேட்டர் சத்தத்தைக் காதால் பிடித்துக்கொண்டு, ஒற்றை ஷூவோடு வெளியே வந்து சேர்ந்தேன். மொத்தம் நாற்பது நிமிடம். மறுநாள் காலையில் வலது கண் திறக்கவில்லை.

சமையலறையில் என்னோடு வேலை பார்த்த அக்கா ஒருத்தி, ஃபாக்ஸ் லேக் ஊரின் கிரீ பூர்வகுடி இனத்தவள், சிரி சிரி என்று சிரித்தாள். அவளுடைய அறிவுரை ஒன்றே ஒன்று: "எங்களை விட்டுவிட்டு உள்ளே போகாதே." ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று என் பாட்டி சொன்னதையே அவள் கிரீயில் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன்.

27 ஜூலை, பின்குறிப்பு

ஷூ என்ன பிராண்ட் என்று கேட்டவருக்கு: அது முக்கியமா?

28 ஜூலை, இரவு 9.50

யார்க் லேண்டிங்! பார்த்தீர்களா? ரோந்துக்குப் போன தன்னார்வலர்கள், ஊர்க் குப்பைமேட்டுப் பக்கம் உயரமாக இரண்டு பேரைப் பார்த்திருக்கிறார்கள். போலீஸ் மொத்தமும் அங்கே பறக்கிறது. விமானப்படையின் ஹெர்குலிஸ் ஏற்கெனவே மேலே சுற்றுகிறது. நான் சொன்னேனா இல்லையா, பசித்தால் வெளியே வருவான் என்று. குப்பைமேடு! சாப்பாடு! இன்றைக்கு முடிந்துவிடும்.

28 ஜூலை, இரவு 11.30

யோசிக்க யோசிக்க இடிக்கிறது. கார் எரிந்தது கில்லாமுக்கு வடகிழக்கே. யார்க் லேண்டிங் கில்லாமுக்குத் தென்மேற்கே 90 கிலோமீட்டர். கோடையில் அதற்குச் சாலையே கிடையாது, விமானம் அல்லது படகுதான். நேற்றுத்தான் நான் இருநூறு மீட்டரில் ஷூவைத் தொலைத்த கதையை எழுதினேன். இன்றைக்கு நானே அவர்களை ஆறு நாளில் நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர் நடக்க வைக்கிறேன். ஆனாலும், பார்த்தவர்கள் நிச்சயமாகப் பார்த்தோம் என்கிற மாதிரிப் பேசுகிறார்கள்.

29 ஜூலை, இரவு

யார்க் லேண்டிங்கில் ஒன்றும் இல்லை. போலீஸ் திரும்பிவிட்டது. நேற்று இரவு 9.50 பதிவை அழிக்கலாமா என்று பார்த்தேன். வேண்டாம், கிடக்கட்டும்.

30 ஜூலை

அக்காவோடு போனில் பேசினேன். கில்லாமிலும் ஃபாக்ஸ் லேக்கிலும் எல்லா வீட்டுக் கதவையும் போலீஸ் தட்டியாகிவிட்டதாம். பூட்டு என்றால் என்னவென்று தெரியாத வீடுகள் அவை. குளிர்காலத்தில் யாராவது மாட்டிக்கொண்டால் உள்ளே வந்து அடுப்பு மூட்டிக்கொள்ளட்டும் என்று திறந்தே கிடக்கும். இப்போது கதவுக் கைப்பிடிக்குக் கீழே நாற்காலியை முட்டுக் கொடுத்துத் தூங்குகிறார்கள். பிள்ளைகள் வாசலுக்குப் போகக் கூடாது. முற்றத்தில் நாய் குரைத்தால் வீடே எழுந்து உட்கார்ந்துகொள்கிறது.

"நீங்கள் அங்கே என்ன பேசிக்கொள்கிறீர்கள்?" என்று கேட்டாள். இந்த இழையைப் பற்றிச் சொல்லவில்லை. ரயில் யோசனையை மட்டும் சும்மா கேட்டேன். "எந்தச் சரக்கு வண்டி? அது தினமும் வருகிற வண்டியா?" என்றாள். 2017 வசந்தத்தில் வெள்ளம் பாதையை அரித்துப் போய், சர்ச்சிலுக்கு ரயிலே இல்லாமல் ஒன்றரை வருடம் கிடந்தது. போன வருடக் கடைசியில்தான் திரும்ப ஓடத் தொடங்கியது. நான் அங்கே இருந்தபோதுதான் நின்றது, அதையே மறந்து 24-ஆம் தேதி எழுதியிருக்கிறேன். இப்போது ஓடுகிறது, ஆனால் வாரத்துக்குச் சில நாள். ரயில் யோசனையை வாபஸ் வாங்குகிறேன்.

31 ஜூலை

தேடலைக் குறைக்கிறார்கள். 11,000 சதுர கிலோமீட்டர் பார்த்தாயிற்றாம். லெபனான் நாடே அதைவிடச் சின்னது. டிரோன், மோப்ப நாய், உடல் சூட்டைப் பார்க்கும் கேமரா, ராணுவ விமானம் எல்லாம் போட்டும் ஒன்றும் சிக்கவில்லை.

இதற்கு ஒரு பழைய கதை உண்டு. 1931-இன் கடைசி நாளில் வடக்கே ராட் ரிவர் பக்கம் ஆல்பர்ட் ஜான்சன் என்று ஒருவன் போலீஸைச் சுட்டான், அப்புறம் ஓடினான். நடு ஆர்க்டிக் குளிர்காலம். ஒரு மாதத்துக்கு மேல் துரத்தினார்கள். ரிச்சர்ட்சன் மலையையே பனிப்புயலில் தாண்டினான். கடைசியில் விமானம் வைத்துத் தேடிப் பிடித்து, 1932 பிப்ரவரி 17-ஆம் தேதி சுட்டுக் கொன்றார்கள். அவன் உண்மையில் யார் என்று கொன்ற பிறகும் தெரியவில்லை. ஆனால் அவன் பனியில் வாழ்ந்து பழகியவன். பனி இருந்ததால் தடமும் இருந்தது. இந்தப் பையன்களுக்கு அந்தப் பழக்கமும் இல்லை, மஸ்கெக்கில் பனியைப் போல் தடமும் பளிச்சென்று தெரியாது. 

1 ஆகஸ்ட்

"ஹெர்குலிஸ் கேமராவுக்கே தெரியவில்லை என்றால் அங்கே இல்லை என்றுதானே அர்த்தம்?" என்று முதல் கேள்வி கேட்ட தம்பி திரும்ப வந்திருக்கிறார். உடல் சூட்டைப் பார்க்கும் கேமராவுக்கு உடலில் சூடு இருக்க வேண்டும், தம்பி.

எழுதி முடித்த பிறகுதான் எனக்கே உறைத்தது. இத்தனை நாள் எங்கே ஒளிந்திருக்கிறார்கள் என்றே பேசிக்கொண்டிருந்தோம்.

5 ஆகஸ்ட்

நெல்சன் ஆற்றங்கரையில் அடிபட்ட அலுமினியப் படகு ஒன்று. நீர்மூழ்கிகள் இறங்கித் தேடினார்கள், ஒன்றும் இல்லை. நெல்சனைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது ஆறு மாதிரி இருக்காது, ஏரி நடந்து போகிற மாதிரி இருக்கும். கெட்டில், லாங் ஸ்ப்ரூஸ், லைம்ஸ்டோன் என்று வரிசையாக மூன்று அணைகளுக்குத் தண்ணீர் கொடுக்கிற ஆறு. லைம்ஸ்டோனுக்குக் கீழே துடுப்புப் போடத் தெரியாதவன் படகைத் தள்ளினால் கதை முடிந்தது. மூழ்கிவிட்டார்கள். இது என் கடைசிக் கணிப்பு.

6 ஆகஸ்ட்

ஆற்றில் படகு ஓட்டிப் போன ஒருவர் வெள்ளிக்கிழமை நீல நிறத் தூங்கும் பை (ஸ்லீப்பிங் பேக்) ஒன்றைப் பார்த்துச் சொல்லியிருக்கிறார். அங்கே கரையில் கிடைத்த பொருள்கள் அந்தப் பையன்களுடையவை என்று போலீஸ் உறுதிப்படுத்திவிட்டது. ராணுவ விமானத்துக்குத் தெரியாதது, பிழைப்புக்காக ஆற்றில் போய்வரும் ஒரு மனுஷன் கண்ணில் பட்டிருக்கிறது.

7 ஆகஸ்ட், மதியம்

கிடைத்துவிட்டார்கள். இரண்டு உடல்கள். காலை பத்து மணிக்கு, ஆற்றங்கரை அடர்ந்த புதரில். பொருள்கள் கிடைத்த இடத்திலிருந்து ஒரு கிலோமீட்டர். கார் எரிந்த இடத்திலிருந்து எட்டு.

7 ஆகஸ்ட், இரவு

எட்டு கிலோமீட்டர். என் வீட்டிலிருந்து நான் அரிசி வாங்கும் கடை அதைவிடத் தூரம். நாம் அவர்களை ஒண்டாரியோவுக்கு அனுப்பினோம், சர்ச்சிலுக்கு ரயில் ஏற்றினோம், யார்க் லேண்டிங் குப்பைமேட்டில் நிறுத்தினோம், நேற்று முன்தினம் நானே ஆற்றில் மூழ்கடித்தேன். அவர்கள் எட்டு கிலோமீட்டரில் கிடந்தார்கள்.

13 ஆகஸ்ட்

பிரேதப் பரிசோதனை முடிவு நேற்று வந்தது. துப்பாக்கியால் தற்கொலை. கண்டெடுப்பதற்குப் பல நாள் முன்பே இறந்திருக்கிறார்கள். ஆனால் கடைசியாகக் கண்ணில் பட்டதற்கு அப்புறமும் சில நாள் உயிரோடு இருந்திருக்கிறார்கள். அப்படியானால் யார்க் லேண்டிங் என்று நான் குதித்த இரவில் இருந்தார்களா, இல்லையா? நாள் தெரியவில்லை.

25-ஆம் தேதி மதியம் நான் எழுதியதைத் திரும்பப் படித்தேன். பேட்டியில் என்னவெல்லாமோ வரும் என்று ஒதுக்கினேனே, அந்த அப்பா முதல் நாளே சொன்னதுதான் நடந்தது. வரைபடம் இல்லை, டிரோன் இல்லை, கில்லாம் எங்கே இருக்கிறது என்றுகூட அவருக்குத் தெரிந்திருக்காது. மகனைத் தெரிந்திருந்தது. "பசித்தால் தானே வெளியே வருவான்" என்ற என் வரியை மட்டும் யாரும் மேற்கோள் காட்டாதீர்கள், தயவுசெய்து.

28 செப்டம்பர்

போலீஸின் அறிக்கை நேற்று வந்துவிட்டது. உடல்களோடு ஒரு கேமரா இருந்திருக்கிறது. விரிவுரையாளருடையது. அதில் ஆறு வீடியோ, மூன்று படம். மூன்று கொலையும் தாங்கள்தான் என்கிறார்கள். வருத்தம் என்ற பேச்சே இல்லை. ஏன் செய்தோம் என்றும் சொல்லவில்லை. பெரியவன் சின்னவனைச் சுட்டுவிட்டுத் தன்னையும் சுட்டுக்கொண்டிருக்கிறான் என்பது போலீஸின் முடிவு. இரண்டு துப்பாக்கியில் ஒன்று ஜூலை 12-ஆம் தேதி, ஊரிலிருந்து கிளம்பிய அதே நாளில், உரிமத்தோடு கடையில் வாங்கியது.

வீடியோவை வெளியிட மாட்டார்களாம். "மறைக்கிறார்கள்" என்று இங்கே மூன்று பேர் ஆரம்பித்துவிட்டார்கள். எதற்கு வேண்டும் உங்களுக்கு? அதைப் பார்த்து இன்னொருத்தன் கேமராவோடு கிளம்பவா?

எதற்கு வந்தார்கள் என்று ஜூலை 26-இல் கேட்டிருந்தேன் அல்லவா, பதில் வந்துவிட்டது. ஹட்சன் விரிகுடாவுக்கு நடந்து போய், படகைக் கடத்தி, ஐரோப்பாவுக்கோ ஆப்பிரிக்காவுக்கோ போவது திட்டம். என் ரயில் யோசனையைப் பார்த்துச் சிரித்தவர்கள் இதைப் படியுங்கள்.

அந்தக் கரையில் என்ன இருக்கிறது தெரியுமா? நெல்சன் ஆறு கடலில் சேரும் இடத்தில் போர்ட் நெல்சன் என்று ஒரு துறைமுகம் கட்டத் தொடங்கினார்கள், நூறு வருடத்துக்கு முன்னால். ரயிலை அங்கே கொண்டுபோவதாகத்தான் முதல் ஏற்பாடு. ஆற்று முகத்துவாரத்தில் செயற்கைத் தீவு, அதற்கு ஒரு பாலம், லட்சக்கணக்கில் டாலர். வண்டல் வந்து அடைத்தது, புயல் அடித்தது, முதல் உலகப் போர் வந்தது. அப்படியே விட்டுவிட்டு, 1920-களின் கடைசியில் பாதையைச் சர்ச்சில் பக்கம் திருப்பிவிட்டார்கள். அதனால்தான் கில்லாமைத் தாண்டியதும் ரயில் பாதை சட்டென்று வடக்கே ஒடிகிறது. வரைபடத்தில் பார்த்தாலே தெரியும். நூறு கிலோமீட்டருக்கு மேல் மஸ்கெக்கில் நடந்து போய்ச் சேர்ந்திருந்தாலும் அங்கே அவர்களுக்குக் கிடைத்திருக்கக்கூடியது ஓர் இடிந்த பாலமும் வெள்ளைக் கரடியும். கடத்துவதற்குப் படகு இல்லை.

28 செப்டம்பர், இரவு

இழை முழுக்க மேலிருந்து கீழே படித்தேன். பெரியவன், சின்னவன் என்று நான் எத்தனை முறை எழுதியிருக்கிறேன் என்று எண்ணத் தொடங்கி நிறுத்திவிட்டேன். பழுதான வேன் பக்கத்தில் நின்ற அந்த இரண்டு பேருக்கு நான் கொடுத்தது சில வரி, ஜூலை 25 காலையில். விரிவுரையாளருக்கு அதைவிடக் குறைவு. செடிகொடி படித்த மனுஷன், தனியாகச் சுற்றுலா கிளம்பியவர். அந்தப் பாசியின் பெயரெல்லாம் அவருக்குத் தெரிந்திருக்கும்.

6 அக்டோபர்

சின்னத் திருத்தம். ஜூலை 24-இல் முகாமிலிருந்து வந்த நினைப்பில், கில்லாம் ஊருக்குள் போகாமல் அந்தக் கோடிக்குப் போக முடியாது என்கிற மாதிரி எழுதியிருந்தேன். தாம்ப்சன் நண்பர் சொல்கிறார், 280-இலிருந்து 290 பிரியும் இடம் ஊருக்குள் போவதற்கு முன்பே வந்துவிடுமாம். கில்லாம் ஊருக்குள் கால் வைக்காமலே அவர்கள் கார் எரிந்த இடத்துக்குப் போயிருக்கலாம். "புதுமுகம் பெட்ரோல் போட்டால் ஊருக்கே தெரியும்" என்ற என் வாதம் அதோடு போச்சு.

ஒவ்வொரு வருடமும் அக்கா ரயிலில் ஒரு பை ப்ளூபெர்ரி அனுப்புவாள், உறைய வைத்து. இந்த வருடம் வரவில்லை. போன் பண்ணிக் கேட்டேன். ஆகஸ்ட் கடைசியில்தான் எல்லாரும் காட்டுக்குள் போனார்களாம். "அதற்குள் பழமெல்லாம் கொட்டிப்போச்சு" என்றாள்.